டெக்ஸ்டைல் ஆர்ட்டிஸ்ட்: வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச் சொல் தேவை

திங்கள் இரவு. மொழிபெயர்ப்பாளர், பெரம்பூர்

மடற்குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். திருவான்மியூரில் வாழும் ஒரு கலைஞரின் கண்காட்சிக்கு விளக்கப் பலகைகளைத் தமிழில் எழுதித் தரும் வேலையை ஏற்றிருக்கிறேன். மொத்தம் பத்துப் பலகைகள். வெள்ளி காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஒன்பதை முடித்துவிட்டேன். முதல் பலகையின் முதல் வரியில்தான் நிற்கிறேன். அதில் அவர் தம்மை 'டெக்ஸ்டைல் ஆர்ட்டிஸ்ட்' என்று சொல்லிக்கொள்கிறார்.

நெசவுக் கலைஞர் என்று எழுதிக் காட்டினேன். அவர் ஒப்பவில்லை. அவர் தறியில் உட்காருவதில்லை. பழைய வேட்டி, சுங்குடித் துண்டு, சணல் கயிறு, பத்தமடைக் கோரை இவற்றுக்குச் சாயம் ஏற்றுகிறார், முடிகிறார், தைக்கிறார், சில சமயம் தைத்ததைப் பிரித்துப்போடுகிறார். அவர் செய்பவை கூரையிலிருந்து இறங்கித் தரையில் படிந்து கிடக்கின்றன. நடுவே புகுந்து நடக்கலாம். ஆடைக் கலைஞர் என்றால் சட்டை தைப்பவர் என்றாகிவிடும்.

முன்பு ஒரு காட்சிக்கூடத்தில் அவர் பெயருக்குக் கீழே 'ஜவுளி ஓவியர்' என்று போட்டிருந்தார்கள். பார்க்க வந்த ஒருவர், மீட்டர் என்ன விலை என்று கேட்டிருக்கிறார். இதைச் சொன்னபோது அவருக்குக் குரல் கம்மிவிட்டது. சொல் சரியாக அமைய வேண்டும் என்று நான் தவிப்பதற்கு அதுவே காரணம். கை கொடுங்கள்.

செவ்வாய் காலை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாப்பூர்

அம்மா, கேட்டது நல்லதாயிற்று. இல்லாவிட்டால் இன்னொரு ஜவுளி வந்திருக்கும். அது நம் சொல் அன்று. கடைப் பலகையில் இருக்கட்டும், கலைக்கு வேண்டாம்.

துணியைக் குறிக்கத் தமிழில் உள்ள சொற்களைப் பாருங்கள். துணிப்பதால் துணி, துண்டிப்பதால் துண்டு, கூறு செய்வதால் கூறை, அறுப்பதால் அறுவை. சங்கப் புலவர் ஒருவருக்கே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று பெயர். தறியிலிருந்து வெட்டி எடுக்கும் அந்தக் கணத்தில்தான் நம் முன்னோர் துணிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அறுவை இன்று மருத்துவமனைக்குப் போய்விட்டது, மீட்க வழியில்லை. துகில் இன்னும் நம்மிடம் இருக்கிறது. ஆகவே துகிற்கலை, துகிற்கலைஞர். லகரம் றகரமாவது முறையான புணர்ச்சி. பலகையில் துகில்கலை என்று பிரித்து எழுதிவிடாதீர்கள்.

நிகண்டுகளில் 'கலை' என்பதற்கே ஆடை என்றும் ஒரு பொருள் உண்டு. மேகலையையும் அதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். எனவே துகிற்கலை என்னும்போது துணியும் கலையும் ஒரே சொல்லின் இரு பக்கமாக நிற்கின்றன.

தொங்குகின்ற அந்தப் படைப்புக்கு நீங்கள் சொல் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரை உண்டு. அடுத்த வரியிலேயே 'ஓவிய விதானம்' வருகிறது. ஓவியம் எழுதிய துணி, தலைக்கு மேல். இதை வைத்துக்கொண்டு, இப்படி நடுவே புகுந்து நடக்கும் படைப்புக்கு, அதாவது இன்ஸ்டலேஷனுக்கு, 'நிறுவல்' என்று எழுதுகிறோம். மின்கம்பத்தையும் அல்லவா நிறுவுகிறார்கள்!

செவ்வாய் மதியம். கலை வரலாறு கற்பிப்பவர், எழும்பூர்

ஐயாவின் ஓவிய விதானத்தை என் மாணவர்களுக்குச் சொல்லப் போகிறேன். துகிற்கலையை மட்டும் ஏற்க முடியவில்லை. துகில் என்றதும் மெல்லிய, விலையுயர்ந்த ஆடைதான் மனத்தில் வருகிறது. இவர் கையில் இருப்பது சணல்.

இந்தப் பெயர்ச் சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியில் பௌஹௌஸ் என்ற கலைப் பள்ளியின் நெசவுப் பட்டறையில் பயின்ற ஆனி ஆல்பர்ஸுக்கு 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தனிக் காட்சி வைத்தது. ஒரு நெசவுக் கலைஞருக்கு அங்கே கிடைத்த முதல் தனிக் காட்சி அது. அவருக்கு நெசவு என்ற சொல் பொருந்தியது. 1960களில் போலந்தின் மக்தலேனா அபகனோவிச், சைசல் என்ற கற்றாழை நாரால் ஆள் உயரத்துக்கும் மேலான உருவங்களைத் தொங்கவிட்டபோது எந்தச் சொல்லும் பொருந்தவில்லை. கடைசியில் அவர் பெயரிலிருந்தே 'அபகன்' என்று அழைத்தார்கள். நம் மிருணாளினி முகர்ஜி தறியே இல்லாமல், முன்வரைவும் இல்லாமல், சாயமிட்ட சணலை முடிந்து முடிந்து சிற்பம் செய்தார். அது நெசவா? சிற்பமா? ஃபைபர் ஆர்ட், அதாவது நாரும் நூலும் கொண்டு செய்யும் கலை, என்ற பெயர் இப்படிப்பட்டவர்களால்தான் நிலைத்தது.

ஆகவே என் முன்மொழிவு இழைக்கலை, இழைக்கலைஞர். நூலும் இழை, நாரும் இழை, கயிற்றின் புரியும் இழை. நுணுக்கமாகச் செய்வதை 'இழைத்து இழைத்துச் செய்தான்' என்கிறோமே, அதுவும் உள்ளே இருக்கிறது. ஐயா பாடம் நடத்திய நன்னூலிலேயே சான்று உண்டு: 'பஞ்சிதன் சொல்லாப் பனுவல் இழையாக'. சொல் பஞ்சு, பனுவல் இழை, புலவன் நூற்கும் பெண். இந்தக் குழுவில் மடல் தொடருக்கே இழை என்றுதானே பெயர் வைத்திருக்கிறோம்?

செவ்வாய் இரவு. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், இப்போது வளசரவாக்கம்

எங்கள் ஊரில் டெக்ஸ்டைல் என்றால் புடவை. இலங்கை அரசின் ஆவணங்களிலும் புடவைக் கைத்தொழில்தான். நீங்கள் புடவை என்பதை நாங்கள் சேலை என்போம். எனக்குப் புடவைக்கலை இயல்பாகப்படுகிறது. சென்னைப் பலகையில் அது எப்படிப் படிக்கப்படும் என்றும் தெரியும், அதனால் வற்புறுத்தவில்லை. விவாதத்தில் பதிவாகட்டும் என்றே எழுதினேன்.

புதன் காலை. ஓய்வுபெற்ற அரசு அலுவலர், கே. கே. நகர்

தமிழ்நாட்டு அரசு பல ஆண்டுகளாகத் துணிநூல் என்று எழுதி வருகிறது. கைத்தறி மற்றும் துணிநூல் துறை என்பது எல்லாருக்கும் தெரிந்த பெயர். துணிநூல் கலைஞர் என்றால் யாருக்கும் அகராதி தேவைப்படாது.

புதன் மதியம். காஞ்சிபுரத் தறிக்குடும்பத்தில் பிறந்தவர், அம்பத்தூர்

பெரியவர்களுக்கு வணக்கம். நான் குழித்தறியில் பத்தாண்டுகள் இருந்தவன். தறிக்காரர்கள் வாயில் புழங்கும் சொல்லை இதுவரை யாரும் கேட்கவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது.

காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் அது கோர்வை. உடலுக்கு ஒரு நாடா (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டை), இரண்டு கரைகளுக்கு இரண்டு நாடா. எதிர்க்கரையின் நாடாவைத் தள்ள ஓர் ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அது நான்தான், பள்ளி விட்டு வந்ததும். கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று பிடித்துத் திரும்பும் அந்த இடத்தில் விரலை வைத்தால் சிறு பல்வரிசை போல நெருடும். வெவ்வேறானவற்றைச் சேர்த்துச் செய்கிற இந்தக் கலைஞருக்குக் கோர்வைக் கலைஞர் என்பது பொருந்தாதா?

புதன் மாலை. தமிழாசிரியர், மயிலாப்பூர்

தம்பி, உங்கள் விரல் அறிந்ததை என் நூல்கள் அறியா. ஒரு சிறு திருத்தம் மட்டும். கோ என்பது பகுதி; கோத்தான், கோத்து, கோவை என்பவையே வடிவங்கள். கோர்த்து, கோர்வை என்பவற்றில் உள்ள ரகரம் பின்னாளில் ஏறியது. எழுத்தில் கோவை என்று போட்டால்...

புதன் மாலை. அம்பத்தூர்

...ஊர்ப் பெயராகிவிடும் ஐயா. கோர்வை தறியில் பிறந்த சொல். காஞ்சிபுரத்தில் ஒருவரும் கோவைப் புடவை என்று சொல்லமாட்டார். அந்த ரகரத்தைத் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

புதன் இரவு. தமிழாசிரியர், மயிலாப்பூர்

சரி. தறியில் அது கோர்வையாகவே இருக்கட்டும், நான் விலகுகிறேன். இழைக்கலைக்கு வருகிறேன். மூன்று தடைகள். 'இழை' வினையாகும்போது இன்று பெரும்பாலும் தீங்கு இழைத்தான், அநீதி இழைத்தான் என்றே வருகிறது. இரண்டாவது, மாக்கோலத்தில் இழைக்கோலம் என்று ஒரு வகை இருக்கிறது. மயிலையில் எந்த வீட்டிலும் இழைக்கலை என்றால் அதைத்தான் நினைப்பார்கள். மூன்றாவது, நன்னூல் சொல்லும் இழை நூற்ற நூல். இவர் வெட்டிய துணியைத் தைக்கிறார். வெட்டிய துணி எப்படி இழையாகும்?

புதன் இரவு. அம்பத்தூர்

வெட்டிய ஓரத்தை உருவிப் பாருங்கள் ஐயா, இழைதான் வரும். நான் கோர்வையை விட்டு இழைக்கு வந்துவிட்டேன்.

வியாழன் காலை. மொழிபெயர்ப்பாளர், பெரம்பூர்

உங்கள் மடல்கள் அனைத்தையும் கலைஞரிடம் படித்துக்காட்டினேன். அவர் எழுதித் தந்ததை அப்படியே அனுப்புகிறேன்:

"எனக்காக இவ்வளவு பேர் யோசித்ததற்கு நன்றி. இந்த வேலைக்கு நான் எப்படி வந்தேன் என்று சொன்னால் உங்களுக்கு உதவக்கூடும். 2015இல் தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் மிருணாளினி முகர்ஜியின் காட்சியைப் பார்க்க ரயிலேறிப் போனேன். காட்சி தொடங்கிய சில நாளிலேயே அவர் காலமாகிவிட்டார். சணல் உருவங்களின் முன் நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான்: இந்த முடிச்சு எனக்குத் தெரியும், எங்கள் தெருவில் பூக்கட்டும் அம்மாள் போடுவது.

அப்புறம் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் உள்ள நெசவாளர் வீட்டின் தாழ்வாரத்தில் பல நாள் உட்கார்ந்திருக்கிறேன். சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கதை எனக்குப் பெரிய தைரியம். 1966இல் அந்தக் கிராமத்தை அமைத்தவர்கள் மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில்தான் ஓவியம் தீட்டினார்கள். துணி அங்கே ஓவியத்துக்குச் சோறு போட்டது.

எல்லாவற்றுக்கும் மேல் தேர்த் தொம்பை, கோயில் தேரில் தொங்கவிடும் உருளை வடிவத் துணி. பங்குனித் திருவிழா முடிந்து அவிழ்த்துவைத்த பழைய தொம்பை ஒன்றுக்குள் கையை விட்டுப் பார்க்க ஒரு முறை வாய்ப்புக் கிடைத்தது. வெளியே சிவப்புத் துணியில் வெள்ளை யாளி. உள்ளே திருப்பினால் நூல் முனைகள், இடையிடையே நிறம் மாறிய நூல், இரண்டு பேருடைய தையல். ஒருவர் தையல் நெருக்கம், மற்றவர் தையல் அகலம். அந்த இரண்டு பேரையும் எந்தப் பலகையிலும் யாரும் எழுதவில்லை. எனக்கு வைக்கும் பெயர் அவர்களுக்கும் பொருந்த வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்."

வியாழன் மதியம். கலை வரலாறு கற்பிப்பவர், எழும்பூர்

தொம்பை! இத்தனை மடல்களில் அது நம் யாருக்கும் தோன்றவில்லை. நெல் கொட்டிவைக்கும் உருளைக் கூட்டுக்கும் தொம்பை என்றுதான் பெயர். வடிவ ஒப்புமையால் தேருக்கு வந்திருக்கலாம். அவருடைய தொங்கும் படைப்புகளுக்கு இதையே வைக்கலாமே.

வியாழன் இரவு. மொழிபெயர்ப்பாளர், பெரம்பூர்

நேரம் முடிந்துவிட்டது. கருத்துச் சொன்னவர்களில் இழைக்கலைக்கு ஐவர், துணிநூலுக்கு இருவர், துகிற்கலைக்கு ஒருவர். 'இழைக்கலைஞர்' என்று பலகையில் ஏற்றிவிட்டேன். கலைஞரும் ஒப்புக்கொண்டார். நடுக்கூடத்தில் தொங்கும் பெரிய படைப்பின் பலகையில் நிறுவல் என்ற சொல்லை எடுத்துவிட்டுத் தொம்பை என்றே எழுதியிருக்கிறேன். பலகைத் தலைப்பில் உள்ள 'இன்ஸ்பிரேஷன்' மட்டும் மிச்சம். உந்துதல், தூண்டுதல், ஆதர்சம் எதுவும் ஒட்டவில்லை. 'யாரிடமிருந்து கற்றேன்' என்று தலைப்பை மாற்றி அச்சுக்குக் கொடுக்கிறேன். அடுத்த கண்காட்சிக்குள் இதற்கும் ஒரு சொல் கண்டுபிடிப்போம்.

வெள்ளி காலை. தமிழாசிரியர், மயிலாப்பூர்

அம்மா, தொம்பைக்கு என் முழு வாழ்த்து. இழைக்கலையில் என் மறுப்பு நிற்கிறது. தொகுப்பில் அதையும் சேர்த்துவையுங்கள். கண்காட்சிக்கு வருகிறேன். நுழைவாயில் பலகையில் 'இழைக்கலைஞர்' என்பதில் ககர ஒற்று விழாமல் அச்சாகியிருக்கிறதா என்று இப்போதே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.