பழகாத மலையில் நாயும் கௌதாரியும்

நாயை வைத்துப் பறவை வேட்டை என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்துச் சோளக்காடுதான். தரை தட்டை. ஃபெசன்ட் என்ற வேட்டைப்பறவையின் சேவல் எந்தப் புல்லோரம் பதுங்கும் என்று எனக்கும் தெரியும், நாய்க்கும் தெரியும். அந்தத் தைரியத்தில் நெவாடாவின் வடக்கே, வின்னமக்கா பக்கத்து மலைகளுக்கு சுக்கர் கௌதாரி தேடிப் போனேன். ஊரிலிருந்து படிப்பவர்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது இதற்கெல்லாம் இடமில்லை. நெவாடாவில் சுக்கர் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பறவை. பூர்வீகம் ஆசியாவின் வறண்ட மலைகள். உரிமம் எடுத்து, பருவத்தில், ஒரு நாளைக்கு இத்தனை என்ற வரம்புக்குள் சுடலாம். மாநிலத்தின் பெரும்பகுதி மத்திய அரசு நிலம் என்பதால் நிலக்காரர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. சுலபமாக இருந்தது அது ஒன்றுதான்.

இந்தப் பறவை ஆளைக் கண்டதும் பறக்காது, மலைமேல் ஓடும். நாம் மூச்சு வாங்க ஏறிப்போனால், உச்சியிலிருந்து கிளம்பி, பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்மலையில் போய் இறங்கும். அங்கிருந்து 'சுக் சுக்' என்று கூப்பிட வேறு செய்யும். அதற்குக் கேலி தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

என்னுடையது ஜெர்மன் ஷார்ட்ஹேர் பெண் நாய். பறவையின் மணம் கிடைத்தால் முன்னங்காலை மடக்கி, வாலை நீட்டி, அப்படியே நின்றுவிடும். இதைத்தான் பாயிண்ட் என்போம். முதல் நாள் காலை அவள் நின்ற இடத்திலெல்லாம் எச்சம் கிடந்தது, பறவை இல்லை. சேஜ் புதரடியில் மணத்தை விட்டுவிட்டுக் கூட்டம் மேலே போயிருக்கும். மத்தியானத்துக்குள் அவளுக்கே சலித்துவிட்டது போலும். என்னை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் நீளமாகச் சுற்றிப் பாறை விளிம்புக்கு மேலே போய்விட்டாள். விசிலடித்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஏறி நிமிர்ந்தால், விளிம்பில் நின்று கீழ்நோக்கிப் பாயிண்ட். உடம்பில் மூக்கு மட்டும்தான் ஆடுகிறது. அவளுக்கும் எனக்கும் நடுவே கூட்டம் மாட்டிக்கொண்டது. மேலே ஓட வழியில்லாமல் மொத்தமும் சடசடவென்று எழும்பியது. ஒன்றுதான் விழுந்தது. அதுவும் சரிவில் எங்கோ கீழே. பாறை இடுக்கிலிருந்து எடுத்து வந்தவளும் அவளே.

இதில் ஒரு காற்றுக் கணக்கு இருக்கிறது. வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகிக் காற்று மேல்நோக்கிப் போகும். சாயங்காலம் குளிர்ந்து கீழே இறங்கும். ஆகவே பகலில் கீழிருந்து ஏறும் நாய்க்குக் காற்று முதுகுப்பக்கம். மேலே இருக்கும் பறவையின் மணம் அதனிடம் வரவே வராது. விளிம்பில் நிற்கும் நாய்க்கு நேராக மூக்குக்கு வரும். சமவெளி நாய் அரை நாளில் இதைக் கண்டுபிடித்துவிட்டது. இப்போது விடிந்ததும் உச்சிக்கு ஏறிவிட்டு, அப்புறம் உயரம் குறையாமல் பக்கவாட்டாகவே நடப்பதுதான் எங்கள் வழக்கம்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. வரைபடத்தில் ஓடை என்று போட்டிருக்கும் கோடு பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கும். எனக்கானதைவிட நாய்க்கான தண்ணீரே பையில் அதிகம். வறட்சியில் பறவைகளும் ஊற்றுகளையும், விலங்குகளுக்காக மழைநீர் தேக்கும் தொட்டிகளையும் விட்டு அதிக தூரம் போகாது. மழை பெய்து சீட்கிராஸ் புல் துளிர்த்துவிட்டால் ஈரம் அதிலேயே கிடைத்துவிடும். கூட்டம் மலை முழுக்கச் சிதறிவிடும். அப்புறம் பாதம். எரிமலைப் பாறை உள்ளங்காலைச் சீவிவிடும். பறவை மணம் இருக்கும்வரை நாய் நொண்டக்கூட நொண்டாது, ராத்திரி படுத்து எழும்போதுதான் தெரியும். நாய்க்கு பூட்ஸ் வாங்கினால் வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள். மலையில் முதன்முதலாகப் போட்டால் அதுவே உரசிப் புண்ணாக்கும்.

*

மேலே சொன்னவர் நெவாடா. நான் வேறு ஆள், எனக்கு மான்டானா மாநிலப் புல்வெளி. செப்டம்பரில் ஷார்ப்டெயில் க்ரௌஸ் என்ற புல்வெளிப் பறவையைத் தேடிப் போவது. ஒரு புதருக்குள் என் நாய் பாயிண்ட் நிற்காமல் உறுமினான். சரி, ஏதோ பூனை என்று நினைப்பதற்குள் வெளியே வந்தான், வாயெல்லாம் முள்ளம்பன்றி முள்.

முள்ளை நடுவில் வெட்டினால் காற்று இறங்கி எளிதாக வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது பிளந்து உடையும், அவ்வளவுதான். நுனியில் பின்னோக்கிய செதில்கள் இருப்பதால் நாய் அசைய அசைய உள்ளேதான் போகும். குறடால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நாக்கிலோ தொண்டையிலோ இருந்தால் மயக்க மருந்து இல்லாமல் நடக்காது. அதனால் பக்கத்தில் எந்த ஊரில் கால்நடை மருத்துவர் இருக்கிறார், எத்தனை மணிவரை என்று முதலிலேயே குறித்து வைத்திருப்பேன்.

அடுத்த வருஷம் அவன் என்ன செய்தான் தெரியுமா? இன்னொரு முள்ளம்பன்றியைத் தேடிப்போய்க் கடித்தான். பட்டுத் திருந்தும் நாய் உண்டு, பழிவாங்கும் நாயும் உண்டு.

*

நான் மூன்றாவது ஆள். முதலில் சொன்னவரைப் போல நானும் நெவாடாதான், ஆனால் குளிர்காலம். நாயின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்டியிருந்தேன். நாய் அசையாமல் நிற்கிறது, 300 மீட்டர் என்று கருவி காட்டியது. பாயிண்ட்தான் என்று துப்பாக்கியைத் தயாராகப் பிடித்துக்கொண்டு மெதுவாக நெருங்கினேன். பொறியில் கால் மாட்டிய நாயும் அசையாமல்தான் நிற்கும் என்பதைக் கருவி சொல்வதில்லை. பாப்கேட் என்ற காட்டுப்பூனைக்கு வைத்த இரும்புப் பொறி.

நம் நாய்தானே என்று கையை நீட்டக் கூடாது. வலியில் யாரென்று பார்க்காமல் கடிக்கும். ஜாக்கெட்டைக் கழற்றித் தலையில் போட்டேன். பொறியைத் தரையில் சமமாக வைத்து, இரண்டு பக்கத்து நெம்புகோல்களையும் ஒரே நேரத்தில் மிதித்தால் தாடை விரியும். வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய பொறியை வைத்து இதைப் பழகியிருந்தேன், இல்லாவிட்டால் அந்தக் குளிரில் கை நடுங்கியே நேரம் போயிருக்கும். எலும்பு முறியவில்லை, வீக்கம் மட்டும். இப்போதெல்லாம் பையில் கம்பி வெட்டும் குறடும் இருக்கிறது. கம்பிக் கண்ணியில் கழுத்து மாட்டினால் மிதித்துத் திறக்க நெம்புகோல் எதுவும் இருக்காது.