லினக்ஸில் யூஎஸ்பி கால் பெடல்: செருகினால் தெரிகிறது, மிதித்தால் அசைவில்லை

பெடல்வாசி:
வணக்கம். ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. கை கீபோர்டை விட்டு எழாமல் காலாலேயே பதிவை ஓட்டவும் நிறுத்தவும் மூன்று மிதி உள்ள யூஎஸ்பி பெடல் வைத்திருக்கிறேன். லினக்ஸுக்கு மாறியதிலிருந்து அது செத்துக் கிடக்கிறது. தயாரித்தவர்களுக்கு எழுதினேன், விண்டோஸுக்கு மட்டும்தான் என்று ஒற்றை வரியில் பதில். செருகிய யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் பெயர் வருகிறது. எடிட்டரைத் திறந்து வைத்து மிதித்தால் ஒன்றும் நடப்பதில்லை. இதற்கு டிரைவர் எங்கே கிடைக்கும்?

கருந்திரை:
மெய்நிகர் கணினியில் விண்டோஸ் போட்டு அதற்குள் பெடலைக் கொடுத்துப் பாருங்களேன்.

பெடல்வாசி:
மூன்று பொத்தானுக்கு ஒரு முழு விண்டோஸா! வேறு வழியே இல்லை என்றால் பார்க்கலாம்.

பழையபெட்டி:
டிரைவர் தேடி அலையாதீர்கள். கீபோர்டு, மவுஸ், ஜாய்ஸ்டிக் எல்லாமே யூஎஸ்பியில் ஹெச்ஐடி (மனிதர் கையாளும் சாதனம்) என்ற ஒரே வகுப்பு. தன்னிடம் என்னென்ன பொத்தான் உண்டு என்பதைச் செருகியதுமே சாதனம் ஒப்பித்துவிடும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தன் பொது டிரைவரை வைத்தே அதைப் படித்துக்கொள்ளும். உங்கள் பெடலும் அந்த வகுப்பாகத்தான் இருக்கும். மிதித்தது எந்தப் படி வரை ஏறி வருகிறது என்பதுதான் தெரிய வேண்டும். சாதனம் அனுப்பும் சைகைகளைக் காட்டும் இவ்டெஸ்ட் கருவியை நிறுவி, சூடோவுடன் (நிர்வாகி உரிமையோடு) ஓட்டி, பட்டியலில் பெடலைத் தேர்ந்தெடுத்து மிதியுங்கள். வருவதை அப்படியே இங்கே போடுங்கள்.

பெடல்வாசி:
வருகிறது! இடது மிதிக்கு ஸ்கேன் எண் 90001, கீ எண் 288. நடுவுக்கு 90002, 289. வலதுக்கு 90003, 290.

பழையபெட்டி:
அப்போ பெடலும் நலம், கர்னலும் நலம். 288 என்பது ஜாய்ஸ்டிக்கின் ட்ரிக்கர் பொத்தான். உங்கள் பெடல் தன்னை ஜாய்ஸ்டிக் என்று சொல்லிக்கொள்கிறது. கீபோர்டு, மவுஸ் சைகைகளை டெஸ்க்டாப்புக்கு எடுத்துச் செல்லும் லிப்இன்புட் ஜாய்ஸ்டிக்கைக் கண்டால் தொடவே தொடாது, அது விளையாட்டுகளின் பாடு என்று ஒதுங்கிவிடும். அதனால்தான் எடிட்டர் வரை எதுவும் வரவில்லை.

முதலில் எண்களை மாற்றுவோம். ஸ்கேன் எண் பெடல் அனுப்புவது, கீ எண் அதை எந்த விசையாகக் கர்னல் எடுத்துக்கொள்கிறது என்பது. செருகும் சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் யூடெவின் ஹெச்டபிள்யூடிபி (சாதன விவரத் தொகுப்பு) அடைவில் 60-கீபோர்டு என்றொரு கோப்பு இருக்கும். எழுதும் முறை அதன் தலையிலேயே விளக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கோப்பில் கை வைக்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் போய்விடும். இடிசி (சொந்த அமைப்புக் கோப்புகளுக்கான இடம்) பக்கத்து யூடெவின் ஹெச்டபிள்யூடிபி அடைவில் 90 என்று தொடங்கும் சொந்தக் கோப்பு போடுங்கள். முதல் வரியில் யூஎஸ்பியைக் குறிக்கும் பஸ் எண் 0003, எல்எஸ்யூஎஸ்பி காட்டும் தயாரிப்பாளர் எண், பொருள் எண். அடியில் 90001க்கு எஃப்13, 90002க்கு எஃப்14, 90003க்கு எஃப்15. சாதாரண கீபோர்டில் இந்த விசைகள் இல்லாததால் எதோடும் மோதாது. பிறகு சிஸ்டம்டி-ஹெச்டபிள்யூடிபி அப்டேட் கட்டளை கொடுத்துவிட்டு, பெடலைப் பிடுங்கிச் செருகுங்கள்.

பெடல்வாசி:
அப்படியே செய்தேன். இவ்டெஸ்டில் இன்னும் அதே 288தான்.

நள்ளிரவு_டெர்மினல்:
இரண்டு இடத்தில் எல்லாரும் விழுவார்கள், நானும் விழுந்தவன். எல்எஸ்யூஎஸ்பி காட்டும் எண்ணில் ஆங்கில எழுத்து இருந்தால் இந்தக் கோப்பில் அது பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். அப்புறம், விசை வரி ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஓர் இடைவெளி கட்டாயம்.

பெடல்வாசி:
இடைவெளியேதான்! இப்போது 183, 184, 185 என்று வருகிறது. ஆனால் எடிட்டரும் பிளேயரும் இன்னும் கண்டுகொள்ளவில்லை. ஷார்ட்கட் அமைப்பில் மிதித்தாலும் பதிவாகவில்லை.

பழையபெட்டி:
சரி, அதையும் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு. செருகிய நொடியில் யூடெவ் முதலில் இது என்ன சாதனம் என்று பார்த்து முத்திரை குத்துகிறது. நம் எண் மாற்றம் அதற்குப் பிறகுதான் நடக்கிறது. ஆகவே விசைகள் மாறியும் ஜாய்ஸ்டிக் முத்திரை போகவில்லை. இதற்கு யூடெவ் விதி ஒன்று வேண்டும். ரூல்ஸ் அடைவில் 71 என்று தொடங்கும் கோப்பு. இன்புட் துணை அமைப்பில் இந்தத் தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் பொருந்தினால், ஐடி-இன்புட்-ஜாய்ஸ்டிக் மதிப்பை வெற்றாக்கி, ஐடி-இன்புட்-கீ மதிப்பை 1 ஆக்கச் சொல்லுங்கள். கோப்பின் எண் 60ஐத் தாண்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் முத்திரை பின்னால் வந்து உங்கள் மதிப்பை அழித்துவிடும். வேடிக்கை என்னவென்றால், இங்கே அந்த எண்களில் உள்ள ஆங்கில எழுத்துகள் சிறியவையாக இருக்க வேண்டும்! யூடெவ்அட்ம் கட்டளையால் விதிகளை மறுபடி ஏற்றிவிட்டு, திரும்பவும் பிடுங்கிச் செருகுங்கள்.

கருந்திரை:
கோப்பு எழுதுவது பிடிக்காதவர்களுக்கு இன்புட் ரீமேப்பர் என்ற செயலி உண்டு. பெடலைத் தன் பிடியில் எடுத்துக்கொண்டு, மெய்நிகர் கீபோர்டு வழியாக விசைகளை அனுப்பும். பின்னணியில் அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெடல்வாசி:
வேலை செய்கிறது! ஷார்ட்கட் அமைப்பில் இடது மிதியை அமுக்கினால் எஃப்13க்குப் பதில் டூல்ஸ் என்று காட்டுகிறது, மற்ற இரண்டும் லாஞ்ச்5, லாஞ்ச்6. ஏதாவது தப்பாகிவிட்டதா?

நள்ளிரவு_டெர்மினல்:
இல்லை. விசைப்பலகை வரைபடத்தில் எஃப்13 முதலான விசைகளுக்கு அந்தப் பெயர்கள்தான் இயல்பாக இருக்கின்றன. அப்படியே விட்டுவிடலாம்.

பெடல்வாசி:
விட்டுவிட்டேன். கணினியை அணைத்துப் போட்டும் பார்த்தாயிற்று, மூன்று மிதியும் சரியாக இருக்கின்றன. காலையிலிருந்து பாதியில் நிற்கும் பதிவு ஒன்று காத்திருக்கிறது, முடிக்கப் போகிறேன். நன்றி அண்ணா, நன்றி நண்பர்களே. இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன்.