2011 ஐமேக்கில் ஹார்ட் டிஸ்க் மாற்றுதல்: கோப்புகளை இழக்காமல் செய்வது எப்படி?

கேள்வி | குடியாத்தம் அச்சகத்தார்

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் திருமண அழைப்பிதழ் அச்சிடும் சிறிய அச்சகம் ஒன்றை நடத்தி வருகிறேன். வடிவமைப்பு வேலை முழுவதும் 2011ஆம் ஆண்டில் வெளிவந்த 21.5 அங்குல ஐமேக் கணினியில்தான் நடக்கிறது. அண்மைக் காலமாக ஒரு கோப்பைத் திறப்பதற்கே நெடுநேரம் ஆகிறது. டிஸ்க் யுடிலிட்டியில் பார்த்தபோது ஸ்மார்ட் நிலை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே கண்காணித்துச் சொல்லும் வசதி) 'ஃபெய்லிங்', அதாவது பழுதாகி வருகிறது, என்று காட்டியது. டிஸ்க்கிலிருந்து வித்தியாசமான சத்தம் எதுவும் இல்லை.

புதிய கணினி வாங்கிவிடுங்கள் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் நாங்கள் பயன்படுத்தும் வடிவமைப்பு மென்பொருள் பழைய 32 பிட் வகை. 2019இல் வந்த கேடலினா இயங்குதளத்திலிருந்து எந்த மேக்கிலும் அது ஓடாது. மேலும், எங்கள் பழைய அழைப்பிதழ்கள் யாவும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அமைந்தவை. அந்த எழுத்துருக்கள் இல்லாமல் திறந்தால் தமிழ் வரிகள் வெறும் குறிகளாகச் சிதறிவிடும். ஆகவே இதே கணினியை, உள்ளே இருப்பது இருக்கிறபடியே, புதிய டிஸ்க்குடன் தொடர விரும்புகிறேன். இதை நானே திறக்கலாமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்? வைகாசி முகூர்த்த வேலைகள் நெருங்குவதால் விரைவில் முடிவெடுக்க வேண்டியுள்ளது.

பதில் 1 | காட்பாடி, கணினி பழுதுநீக்குபவர்

ஐயா, திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உள்ளது. ஸ்மார்ட் எச்சரிக்கை வந்துவிட்ட டிஸ்க் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே இன்றே அந்தக் கணினியில் அச்சக வேலையை நிறுத்திவிட்டு, எழுத்துருக் கோப்புகளையும் வாடிக்கையாளர் வடிவமைப்புகளையும் முதலில் வெளி டிஸ்க் ஒன்றில் படியெடுத்துக்கொள்ளுங்கள். முழு டிஸ்க்கையும் நகலெடுப்பது அதற்குப் பிறகுதான், ஏனெனில் அந்த நீண்ட ஓட்டத்தின் நடுவிலேயே டிஸ்க் நின்றுவிடக்கூடும்.

பிறகு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகங்கள் இல்லாத, வேகமான டிஸ்க்) ஒன்றை யுஎஸ்பி கேபிள் வழியாக வெளியிலிருந்தே இணைத்து, கார்பன் காப்பி குளோனர் போன்ற மென்பொருளால் அதற்கு முழு நகல் எடுங்கள். உங்கள் ஐமேக்கில் இருப்பவை யுஎஸ்பி 2 துளைகள். நடைமுறையில் நொடிக்கு 30 முதல் 35 மெகாபைட் வரைதான் கிடைக்கும் என்பதால், 500 ஜிகாபைட் நகலாக, டிஸ்க் நன்றாக இருந்தாலே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பழுதான டிஸ்க்கில் இன்னும் கூடும். அந்த நேரத்தில் மின்தடை வராதபடி யுபிஎஸ்ஸில் இணைத்திருங்கள். நகலெடுக்கும்போது படிக்க முடியாத பகுதிகள் நிறைய வந்தால் திரும்பத் திரும்ப முயலாமல், டிஸ்க்கைக் கழற்றி லினக்ஸ் கணினியில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ கொண்டு எடுக்க வேண்டும். அது பழுதான இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு, நல்ல பகுதிகளை முதலில் மீட்கும்.

நகல் முடிந்ததும் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு கணினியைத் தொடங்கி, வெளியில் தொங்கும் எஸ்எஸ்டியிலிருந்தே ஐமேக்கை இயக்கிப் பாருங்கள். மென்பொருள் திறக்கிறதா, பழைய அழைப்பிதழ் ஒன்று சரியான எழுத்துகளோடு வருகிறதா என்று பார்த்த பின்னரே கண்ணாடியைக் கழற்றுங்கள். பலர் இந்தச் சோதனையைச் செய்யாமலே பெட்டியைத் திறந்துவிடுகிறார்கள்.

பதில் 2 | இராணிப்பேட்டை, வடிவமைப்பாளர்

உங்களுடையது 2011 மாடல் என்பது நல்ல செய்தி. 2012 இறுதியில் வந்த மெல்லிய ஐமேக்குகளில் திரை பசைப்பட்டையால் ஒட்டப்பட்டிருக்கும். அதை அறுத்தெடுத்து, மூடும்போது புதிய பட்டை ஒட்ட வேண்டும். உங்களுடையதில் முன்கண்ணாடி காந்தத்தால் மட்டுமே நிற்கிறது. கண்ணாடிக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் வேக்குவம் கப் இரண்டை மேல் மூலைகளில் பதித்து இழுத்தால் வந்துவிடும். அதன் கீழே எல்சிடி பலகை டார்க்ஸ் டி10 (நட்சத்திர வடிவத் தலை) திருகுகளால் பொருத்தப்பட்டிருக்கும். பலகையைச் சற்றே சாய்த்து, பின்புறக் கேபிள்களை ஒவ்வொன்றாக விடுவித்த பிறகே முழுவதும் தூக்க வேண்டும். சட்டென்று தூக்கினால் மெல்லிய கேபிள் கிழிந்துவிடும்.

உள்ளே மின்வழங்கிப் பலகை மூடியில்லாமல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், பிளக்கை எடுத்துச் சில மணி நேரம் விட்டுவிட்டுத் திறங்கள். திறந்த பிறகும் அந்தப் பலகையில் கை படவே கூடாது.

இனி இந்த மாடலுக்கே உரிய சிக்கல். 2011 ஐமேக், டிஸ்க்கின் வெப்பநிலையை அதன் மின்கேபிள் வழியாகவே அறிகிறது. உள்ளே இருந்த டிஸ்க்கின் ஃபர்ம்வேர் (டிஸ்க்கிலேயே பதிக்கப்பட்ட நிரல்) அதற்கென்றே அமைக்கப்பட்டது. கடையில் வாங்கும் எஸ்எஸ்டி அந்தத் தகவலைத் தராது. தகவல் வராவிட்டால் டிஸ்க் விசிறி சிறிது நேரத்தில் முழு வேகத்தில் சுழலத் தொடங்கி, நிற்கவே நிற்காது. இதற்கென்றே வெப்ப உணரியுடன் கூடிய இணைப்புக் கேபிள் விற்பனையில் உள்ளது. எஸ்எஸ்டியுடன் அதையும், 3.5 அங்குல இடத்தில் பொருத்துவதற்கான தாங்கியையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

பதில் 3 | ஆற்காடு வாசகர்

அந்தக் கேபிள் உடனே கிடைக்காவிட்டால், உணரிக்கான கம்பிகளைக் குறுக்கே இணைத்து விசிறியை அடக்கிவிடலாம் என்று படித்திருக்கிறேன். எஸ்எஸ்டி அதிகம் சூடாவதில்லையே, அது போதாதா?

பதில் 4 | இராணிப்பேட்டை, வடிவமைப்பாளர்

எஸ்எஸ்டி சூடாகாது என்பது உண்மைதான். ஆனால் அந்த விசிறி டிஸ்க்குக்கு மட்டும் காற்று வீசுவதில்லை. சுற்றியுள்ள பாகங்களின் சூட்டையும் சேர்த்தே வெளியேற்றுகிறது. கம்பிகளைக் குறுக்கே இணைத்தால் விசிறி எப்போதும் குறைந்த வேகத்திலேயே நின்றுவிடும். வேலூர்ப் பக்கத்தில் கத்திரி வெயிலின்போது வெளியே 40 டிகிரியைத் தாண்டும். குளிர்சாதனம் இல்லாத அச்சக அறையில், இத்தனை ஆண்டு பழைய கணினியை அப்படி ஓட்டுவதை நான் ஏற்கமாட்டேன். கேபிள் வரும்வரை மேக்ஸ் ஃபேன் கன்ட்ரோல் மென்பொருளை நிறுவி, எஸ்எஸ்டியின் ஸ்மார்ட் வெப்பநிலைக்கு ஏற்ப விசிறி சுழலும்படி அமைத்துக்கொள்ளலாம். கணினி தொடங்கி, மென்பொருள் செயல்படும் வரை இரைச்சல் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர் | குடியாத்தம் அச்சகத்தார்

எழுத்துருக்களையும் வடிவமைப்புகளையும் வெளி டிஸ்க்கில் எடுத்துவிட்டேன். முழு நகல் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. நகல் சரியாக வந்துவிட்டால், முகூர்த்த வேலை முடியும்வரை எஸ்எஸ்டியை வெளியிலேயே தொங்கவிட்டு அதிலிருந்து இயக்கி, கேபிளும் தாங்கியும் வந்த பிறகு திறக்கலாம் என்று நினைக்கிறேன். இதில் தடை ஏதேனும் உண்டா?

பதில் 5 | காட்பாடி, கணினி பழுதுநீக்குபவர்

தடை எதுவும் இல்லை, ஐயா. யுஎஸ்பி 2 என்பதால் பெரிய கோப்புகள் மெதுவாகத்தான் திறக்கும். சிஸ்டம் பிரிஃபரன்சஸில் ஸ்டார்ட்அப் டிஸ்க்காக எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் பழைய டிஸ்க்கிலிருந்தே கணினி தொடங்கி, அன்றைய வேலை அதில் போய்ச் சேர்ந்துவிடும். புதிதாகச் செய்யும் அழைப்பிதழ்களை ஒவ்வொரு மாலையும் அந்த வெளி டிஸ்க்கிலும் படியெடுத்து வாருங்கள்.