"ஒருங்கிணைந்த மாவட்டம்" வேண்டாம், "மூல மாவட்டம்" போதும்

வணக்கம். ஒரு புதிய மாவட்டம் எதிலிருந்து பிரிந்ததோ, அந்தப் பழைய மாவட்டத்தை நம் பட்டியலில் எந்தச் சொல்லால் குறிப்பது என்ற விவாதத்துக்கு என் கருத்து இது.

2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்ததிலிருந்து செய்திகளில் "ஒருங்கிணைந்த வேலூர் மாவட்டம்" என்றே வருகிறது. எனக்கு அது உறுத்துகிறது. தனித்தனியாகக் கிடந்தவை சேர்ந்தால்தானே ஒருங்கிணைந்தது? ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் மாவட்டங்களாக இருந்து வேலூரோடு வந்து சேரவில்லை, அதிலிருந்து பிரிந்து போனவை.

பிரியாத வேலூர் என்ற பொருளில் நண்பர் சொன்ன "பிரியா வேலூர்" இலக்கணப்படி சரிதான். ஆனால் பிரியா யார் வீட்டுப் பெண் என்று குடியாத்தத்தில் கேட்பார்கள். "தாய் மாவட்டம்" காதுக்கு இதம். ஆனால் தாய் ஒருத்திதானே? சித்தூர் மாவட்டத்தை 1911-இல் வட ஆர்க்காட்டுத் தாலுகாக்களோடு கடப்பை மாவட்டத்தின் மதனப்பள்ளியையும் சேர்த்து உண்டாக்கினார்கள். அப்படியானால் அதற்கு இரண்டு தாயா?

என் பரிந்துரை "மூல மாவட்டம்". பத்திரப்பதிவுக்குப் போனால் முதலில் கேட்பது மூலப்பத்திரம். இந்தச் சொத்து எதிலிருந்து வந்தது என்பதுதான் அங்கே கேள்வி, நமக்கும் அதே கேள்விதான். மூலம் என்றால் நோய் நினைவுக்கு வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். மூலப்பத்திரம் கொண்டு வாருங்கள் என்றால் யாரும் சிரிப்பதில்லையே ஐயா.

ஆனால் ஆண்டு சேர்க்காமல் இந்தச் சொல்லைப் போடக்கூடாது. திருத்தணியைப் பாருங்கள். 1911 வரை வட ஆர்க்காடு, பிறகு சித்தூர், 1960-இல் எல்லை மாற்றத்தில் ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்து செங்கல்பட்டு, 1997 முதல் திருவள்ளூர். வெறுமனே "மூல மாவட்டம்" என்றால் இதில் எது?

பெயர் மாற்றத்தையும் இதில் குழப்ப வேண்டாம். 1989-இல் வட ஆர்க்காடு இரண்டாகி, வட ஆர்க்காடு அம்பேத்கர் என்றும் திருவண்ணாமலை சம்புவராயர் என்றும் ஆனது பிரிவினை. வட ஆர்க்காடு அம்பேத்கர் பின்னால் வேலூர் ஆனது பெயர் மாற்றம் மட்டுமே, நிலம் எங்கும் போகவில்லை. அதற்கு "முந்தைய பெயர்" என்று போட்டால் போதும்.

ஆக, திருப்பத்தூர் பதிவு இப்படி இருக்கலாம்: மூல மாவட்டம் வேலூர் (2019 வரை). அதற்குக் கீழே சேலம் (1911 வரை) என்பதையும் சேர்க்கச் சொல்வேன். தாத்தா காலத்துப் பத்திரத்தில் "சேலம் ஜில்லா" என்று இருப்பதைப் பார்த்து விழிப்பவர்களுக்கு உதவும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.