வேலை பார்த்துக்கொண்டே எம்பிஏ நுழைவுத் தேர்வான கேட் எழுத எந்த ஆன்லைன் கோர்ஸ் சரிவரும்?

கானாடுகாத்தான் பையன்:
வணக்கம். பி.காம். முடித்துவிட்டுக் காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன். வருகிற நவம்பரில் கேட் எழுதப் போகிறேன், திருச்சி ஐஐஎம் கிடைத்தால் நல்லது, அப்பச்சி ஆத்தாவை விட்டு ரொம்பத் தூரம் போக வேண்டாமே என்றுதான். கோச்சிங்குக்காக மதுரைக்கும் திருச்சிக்கும் போய்வர வேலை விடாது, அதனால் ஆன்லைன்தான். ஒரு கம்பெனியில் விலை மட்டும் கேட்டேன், அன்றிலிருந்து தினமும் போன் அடிக்கிறார்கள். 48,000 ரூபாயாம், இன்றைக்கே சேர்ந்தால் 39,000, இஎம்ஐயும் உண்டாம். லைவ் வகுப்பு ஏழு மணிக்கு, நான் வீடு வந்து சேரவே எட்டரை ஆகிவிடும். வீடும் பழைய வீடு, சுவர் கனத்துக்கு வளவுக்குள் சிக்னலே கிடையாது, முகப்புத் திண்ணையில் உட்கார்ந்தால்தான் வீடியோ ஓடும். கணக்கு பயமில்லை. பன்னிரண்டு வரை தமிழ் மீடியம், ஆங்கிலப் பத்தியைப் பார்த்தால்தான் உதறுகிறது. எதைப் பார்த்து கோர்ஸ் முடிவு பண்ணுவது?

தேவகோட்டை அக்கா:
தம்பி, பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு பழைய தாளை எழுதிப் பார். 2020 முதல் வந்த கேட் தாள்கள் நிறைய தளங்களில் சும்மாவே கிடைக்கின்றன. போனில் டைமர் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் 120 நிமிடம், பகுதிக்கு 40 நிமிடம், முதலில் ஆங்கிலம், அப்புறம் டிஐஎல்ஆர் என்கிற அட்டவணை, தர்க்கப் புதிர்ப் பகுதி, கடைசியில் கணக்கு. ஒரு பகுதி முடிந்தால் திரும்பிப் போக முடியாது, அதையும் அப்படியே கடைப்பிடி. 2024 தாளில் மொத்தம் 68 கேள்வி, சரிக்கு 3, கொடுத்த விடைகளில் தப்பானதைத் தேர்ந்தால் ஒன்று குறையும், விடையை நாமே டைப் செய்கிற கேள்விகளுக்கு மைனஸ் இல்லை. 204க்குப் பாதி வந்தாலே 99 பர்சென்டைல், அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு 99 பேரை முந்துகிற இடம், அதன் பக்கம் போய்விடலாம், அதனால் முதல் தடவை மார்க்கைப் பார்த்து மிரளாதே.

அந்தத் தாள்தான் உனக்கு என்ன வாங்க வேண்டும் என்று சொல்லும். கணக்கு வருகிறது என்றால் கணக்கு வீடியோவுக்கு ஏன் காசு? உனக்கு வேண்டியது ஆங்கிலம். 24 கேள்வியில் 16 பத்தி வாசித்துப் பதில் சொல்வது, அதை எந்த வாத்தியாரும் வீடியோவில் புகட்ட முடியாது, தினம் நீளமான கட்டுரையாகப் படிக்கப் படிக்கத்தான் வரும். டிஐஎல்ஆரும் ஏறக்குறைய அப்படித்தான், அங்கே எந்தப் புதிரை விட வேண்டும் என்று தெரிவதே பாதி வேலை. ஆகவே நல்ல மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) தொடர் ஒன்று, பதிவு செய்த ஆங்கில வகுப்பு மட்டும் தனியாகக் கிடைத்தால் அது, போதும் என்பேன்.

பள்ளத்தூர்க்காரன்:
அக்கா சொல்வதை முழுசாக ஏற்க மாட்டேன். கூடப் படிக்க ஆள் இல்லாத ஊரில் தனியாக மாக் மட்டும் வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டுவது லேசில்லை, இரண்டாவது மாதமே கை விட்டுப் போகும். முழு கோர்ஸ் எடுப்பதில் தப்பில்லை, ஆனால் லைவ் வேண்டாம், உன் நேரத்துக்கு ஒத்து வராது. பதிவு வகுப்பை ஆப்பிலேயே டவுன்லோடு செய்ய விடுகிறார்களா என்று முதலில் கேள், ஆபீஸ் வைஃபையில் இறக்கிக்கொண்டால் வளவுக்குள் உட்கார்ந்தே பார்க்கலாம். சந்தேகம் கேட்டால் எத்தனை நாளில் பதில் வரும், எழுத்தில் வாங்கு. மாக் வாங்கும்போது நிறையப் பேர் எழுதுகிற தொடராகப் பார், பத்துப் பேர் எழுதுகிற மாக்கில் வரும் ரேங்கை வைத்து ஒன்றும் பண்ண முடியாது.

இஎம்ஐ விஷயம். பெரும்பாலும் அது கோர்ஸ் கம்பெனி கொடுக்கும் தவணை இல்லை, வேறொரு ஃபைனான்ஸ் கம்பெனி உன் பேரில் போடுகிற கடன். பாதியில் நின்றாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் சிபில் என்கிற கடன் மதிப்பெண் உனக்குத்தான் கெடும். நம்ம பக்கத்துப் பிள்ளைக்கு வட்டிக் கணக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்றைக்கே சேர் என்கிறவனிடம் ரீஃபண்ட் விதியை மெயிலில் அனுப்பச் சொல், அப்புறம் போன் குறைகிறதா பார்.

குன்றக்குடி:
விளம்பரத்தில் வரும் டாப்பர் படங்களை நம்பி எடுக்காதீர்கள். மாக் மட்டும் வாங்கினவரையும் தங்கள் மாணவர் என்று போடுவது இந்தத் தொழிலில் வழக்கம். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் கோச்சிங் விளம்பரங்களுக்கு விதி கொண்டுவந்தது, அந்த மாணவர் எந்த கோர்ஸ், எத்தனை காலம், காசு கட்டினாரா இல்லையா என்பதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாதவனிடம் கேளுங்கள். பணத்தில் தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அடிக்கலாம்.

இன்னொன்று, டான்செட்டையும் சேர்த்து எழுதி வையுங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்பிஏ சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்துவது, நூறு கேள்வி, இரண்டு மணி நேரம், கேட்டுக்குப் படித்தவருக்குத் தனியாகப் பெரிய உழைப்பு தேவைப்படாது.

கானாடுகாத்தான் பையன்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. ஞாயிற்றுக்கிழமை 2023 தாளை எழுதிவிட்டு மார்க்கோடு வருகிறேன். போன் பண்ணினவரிடம் ரீஃபண்ட் விதியை மெயிலில் கேட்டேன், மேனேஜரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார், இன்னும் வரவில்லை. ஆங்கில வகுப்பு மட்டும் தனியாகத் தருகிறவர்கள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.