வெண்புள்ளி கண்ட மீன்களுக்குக் கிளீனர் இறால் போதுமா?

கேள்வி:
வணக்கம். சென்னையில் உள்ள என் வீட்டின் 150 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் உயிர்ப்பாறைகளும் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறைகள்), சில மென்பவளங்களும், இரண்டு கிளவுன் மீன்களும் உள்ளன. மீன்களின் துடுப்புகளில் சில நாட்களாக உப்புத்தூள் ஒட்டியது போன்ற வெண்புள்ளிகள் தெரிகின்றன. செம்பு கலந்த மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றலாம் என்றும், இல்லையேல் முதுகில் வெள்ளைக்கோடு உள்ள சிவப்புக் கிளீனர் இறால்களை விட்டால் அவை புள்ளிகளைத் தின்றுவிடும் என்றும் கடைக்காரர் கூறுகிறார். எதைச் செய்வது?

மறுமொழி 1:
இரண்டையும் இப்போது செய்யாதீர்கள். வெண்புள்ளிக்குக் காரணமான கிரிப்டோகேரியான் என்னும் ஒட்டுண்ணி மீனின் மேற்தோலுக்கு அடியில் புதைந்திருப்பதால், தோலின் மேற்பரப்பை மேயும் இறாலுக்கு அது எளிதில் எட்டாது. சில நாட்களில் மீனை விட்டு விழுந்து, மணலிலும் பாறையிலும் கூடுகட்டிப் பெருகி, மீண்டும் மீனைத் தேடி வருவதும் அதன் இயல்பு. செம்பு அதைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் பவளங்களையும் இறால்களையும் அதுவே கொல்லும் என்பதோடு, பாறையிலும் மணலிலும் படிந்து பின்னாளில் கசிந்துகொண்டும் இருக்கும். ஆகவே மீன்களைத் தனித்தொட்டிக்கு மாற்றி, செம்பின் அளவைச் சோதனைக் கருவியால் பார்த்தபடி அங்கேயே மருந்து கொடுங்கள். மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி அழிவதற்காக, முதன்மைத் தொட்டியைச் சுமார் 76 நாட்கள் மீனில்லாமல் விட்டுவைப்பது இத்துறையில் உள்ளோர் வழக்கம்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. அந்த இடைவெளியில் இறாலை மட்டும் வளர்ப்பதில் தடையில்லை, ஏனெனில் இந்த ஒட்டுண்ணி மீன்களை மட்டுமே தாக்கும். ஆனால் வாங்கி வந்த பையை மிதக்கவிட்டு அப்படியே திறந்துவிடும் பழக்கம் இறாலுக்கு ஆகாது. உப்புத்தன்மை திடீரென மாறுவதை அது தாங்காது என்பதால், மெல்லிய குழாய் வழியே தொட்டிநீரைச் சொட்டுச்சொட்டாக ஓரிரு மணி நேரம் பைநீரில் கலந்த பிறகே விட வேண்டும். சென்னைக் கோடையில் தொட்டியைக் குளிர்விக்க மின்விசிறி வைப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை; குறைந்த அளவை உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் அன்றாடம் ஈடுசெய்து, உப்புத்தன்மையைக் காட்டும் ஒப்படர்த்தியை 1.025 அளவில் நிறுத்த வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. மீன்களை மாற்றிவிடுகிறேன். இறால் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா?

மறுமொழி 3:
இரண்டு வாங்குங்கள். வளர்ந்த கிளீனர் இறால் ஒவ்வொன்றும் ஆணாகவும் பெண்ணாகவும் இருப்பதால் எந்த இரண்டும் இணையாகும். வயிற்றுக்கடியில் பச்சை நிற முட்டைகளைச் சுமப்பதை விரைவிலேயே காணலாம். மூன்றாவதைச் சேர்க்காதீர்கள், சிறிய தொட்டியில் இணை சேர்ந்த இரண்டும் அதனைக் கொன்றுவிடக்கூடும். சில வாரங்களுக்கு ஒருமுறை மணலில் இறந்த இறால் போன்ற வெற்றுக்கூடு கிடந்தால் பதறாதீர்கள். சட்டை உரித்த இறால் மேலோடு கெட்டிப்படும்வரை பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும், அப்போது பாறைகளை நகர்த்தித் தேட வேண்டாம்.