பாத்ரூம் வால்வு ஒழுகுது, நானே மாத்தவா இல்ல ப்ளம்பரை கூப்பிடவா?

செந்தூல் பையன்
அண்ணே, அக்கா, ஒரு யோசனை சொல்லுங்க. கோலாலம்பூர் செந்தூல்ல அம்மாவோட பழைய டெரஸ் வீடு. டாய்லெட் டேங்குக்குப் போற ஆங்கிள் வால்வு சொட்டிக்கிட்டே இருக்கு, வாளி வெச்சா ராத்திரியில பாதி ரொம்பிடுது. ப்ளம்பர் 150 வெள்ளி (ரிங்கிட்) கேக்குறாரு, ஹார்ட்வேர் கடையில வால்வு 15 வெள்ளிதான். நானே மாத்திடலாமா?

ஜெலுத்தோங் அக்கா
தாராளமா மாத்து தம்பி. எங்க வீட்டுல மூணு வால்வு நானே மாத்தியிருக்கேன். மொதல்ல மீட்டர் பக்கத்து வால்வை அடை, அது மட்டும் போதாது, சீலிங் மேல இருக்குற டேங்க்ல இருந்து பாத்ரூமுக்கு தண்ணி இறங்குதுன்னா அந்த வால்வையும் அடைக்கணும், இல்லன்னா கழட்டுன உடனே டேங்க் தண்ணி பூரா பாத்ரூம்லதான் கொட்டும். ஒழுகாம இருக்க மரையில சுத்துற வெள்ளை டேப்பை மரை ஏறுற பக்கமாவே சுத்து, எதிர்ப்பக்கம் சுத்துனா முறுக்கும்போது சுருண்டுக்கிட்டு வெளிய வந்துரும். அவ்வளவுதான் வேலை, இதுக்கு 150 வெள்ளியா?

கெப்போங் பைப்பு வேலை
22 வருஷமா இதே தொழில் பண்றேன், அதனால சொல்றேன். அக்கா சொன்ன முறை சரி, ஆனா பழைய வீட்டுக்கு அது போதாது. அந்தக் காலத்து வீடுங்கள்ல சுவத்துக்குள்ள இரும்பு பைப்புதான் ஓடும், உள்ளுக்குள்ளயே துரு தின்னிருக்கும். ஸ்பேனர் போட்டு ஒரு திருகு திருகுனா வால்வோட சேர்ந்து உள்ள இருக்குற மரையும் உடைஞ்சு வந்துரும், அப்புறம் டைல்ஸ ஹேக் பண்ணி, அதாவது உடைச்சு, உள்ள இருக்குற எல்போவ (வளைவு பைப்ப) மாத்தணும், வீட்டுக்கே தண்ணி கிடையாது. உடையாம கழட்டத் தெரியணும், உடைஞ்சா சரி பண்ண சாமானும் கையில இருக்கணும், அதுக்குத்தான் காசு.

ஜெலுத்தோங் அக்கா
அண்ணே உங்க அனுபவத்த மதிக்கிறேன். ஆனா எங்க பக்கத்து வீட்டு பாட்டிக்கு நடந்தது தெரியுமா? டாய்லெட் டேங்க் நிக்காம ஓடிக்கிட்டே இருந்துச்சு, லைட் கம்பத்துல ஒட்டியிருந்த நம்பருக்கு போன் பண்ணி, வந்தவரு முழு செட்டும் மாத்தணும்னு 280 வெள்ளி கேட்டாரு. நான் டேங்க்குள்ள கேசரி கலர் கொஞ்சம் கரைச்சு ஊத்துனேன், ஃப்ளஷ் பண்ணாம அரை மணி நேரம் விட்டேன், கீழ கிண்ணத்துல கலர் இறங்கிடுச்சு. அடியில இருக்குற ரப்பர் மட்டும்தான் போயிருந்துச்சு, 8 வெள்ளி. வயசானவங்கள இப்படி ஏமாத்துறாங்கன்னுதான் எல்லாரும் கத்துக்கணும்னு சொல்றேன்.

கெப்போங் பைப்பு வேலை
அந்த ஆள் செஞ்சது தப்பு, எனக்கும் கோவம் வருது. ஸ்பான் (தேசிய தண்ணி சேவை ஆணையம்) லைசென்ஸ் இருக்கான்னு கேளுங்க, ஹேக் பண்ணா எவ்வளவுன்னு வேலைக்கு முன்னாடியே எழுதி வாங்குங்க. ரப்பர் மாத்துறது யாரும் பண்ணலாம், நான் தடுக்கல. சுவத்துக்குள்ள போற வேலைதான் வேற.

பிரிக்பீல்ட்ஸ் 11வது மாடி
கொண்டோவுல இருக்குறவங்க என் கதைய கேட்டுக்கங்க. சிங்க்குக்குப் பின்னால பிவிசி பைப்ப நானே பசை போட்டு ஒட்டுனேன், அவசரத்துல காயுறதுக்குள்ள தண்ணி திறந்துட்டேன். கண்ணுக்கே தெரியாத கசிவு, ரெண்டு மாசம் கழிச்சு கீழ் வீட்டு சீலிங் கருத்து உப்பிடுச்சு. புகார் போனா 7 நாளுக்குள்ள மேனேஜ்மெண்ட் வந்து பாக்கணும்னு 2015 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி நிர்வாக) விதியில இருக்கு, வேற காரணம்னு நிரூபிக்கிற வரைக்கும் மேல் வீட்டுலதான் கோளாறுன்னு எடுத்துக்குவாங்க. கீழ் வீட்டு சீலிங்கும் பெயிண்டும் என் செலவு. கீழ் வீட்டு அக்கா முகத்த பாக்கவே சங்கடமா போச்சு.

ஜெலுத்தோங் அக்கா
அது கொண்டோ, தம்பிக்கு தரை வீடு. கீழ யாரும் இல்ல.

கெப்போங் பைப்பு வேலை
தம்பி, ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்த எடுத்துக்கிட்டு போய் மீட்டர்ல இருந்து வீட்டுக்குள்ள போற பைப்புல வெச்சுப் பாரு. ஒட்டுனா இரும்பு. வால்வு சுவத்துல சேர்ற இடத்துல துரு இருக்கான்னும் பாரு.

செந்தூல் பையன்
பாத்தேன். காந்தம் நல்லா ஒட்டிக்கிச்சு, வால்வு பக்கத்து டைல்ஸ் சந்துல சிவப்பா கறை இறங்கியிருக்கு. அம்மா தனியா இருக்காங்க, ஒரு நாள் தண்ணி இல்லன்னாலும் கஷ்டம். அண்ணே சனிக்கிழமை வர முடியுமா?

ஜெலுத்தோங் அக்கா
துரு வரைக்கும் வந்துருச்சுன்னா கூப்பிடு, அதுல பிடிவாதம் பிடிக்க மாட்டேன். ஆனா 150 அதிகம்னுதான் இப்பவும் சொல்றேன். அண்ணன் வேலை செய்யும்போது பக்கத்துல நின்னு பாரு, அந்த வீட்டுல எந்த வால்வு எதை அடைக்குதுன்னு கேட்டு அம்மாவுக்கும் காட்டி வை.

கெப்போங் பைப்பு வேலை
சனிக்கிழமை காலையில 9 மணிக்கு வரேன் தம்பி. வெள்ளிக்கிழமை ராத்திரியே ரெண்டு வாளி தண்ணி பிடிச்சு வைக்கச் சொல்லு.